ஒரு சின்னக் குறையை விட்டுவைத்தேன்

என் தம்பி சாகப் பார்த்தான். எப்படி என்று எழுதமாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் வீட்டில் இல்லாத நேரம், அவன் மகள் தற்செயலாக வந்து கதவைத் தட்டியதால் பிழைத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து, உடம்பு தேறியதும் மனநல வார்டுக்கு மாற்றினார்கள். இருபதாம் நாள் அவனை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது நான்தான். அதை எப்படிச் செய்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

அவனுக்கு அறுபது வயது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதுகிற வேலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தான். அதனால் எல்லோருக்கும் அவன் மீட்டர். நான் லாரிப் பட்டறைக்காரன், பிரேக் வேலைதான் அதிகம், அதனால் நான் பிரேக்கு. எனக்கு எழுபத்திரண்டு. அவன் பெண்டாட்டி செத்து எட்டு வருஷம் ஆகிறது. என் பெண்டாட்டி அதற்கும் முன்னாலேயே என்னை விட்டுப் போய்விட்டாள், எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஆளுக்கு ஓர் அறை. ஏன் இப்படிச் செய்தான் என்று என்னைக் கேட்காதவர் கிடையாது. எனக்குத் தெரியாது. கடன் இல்லை, வியாதி இல்லை, சண்டை இல்லை. முதல் நாள் மாலைகூட டீயில் சர்க்கரை அதிகம் என்று என்னைத் திட்டினான்.

வார்டு இரண்டாம் மாடியில். ஏறியதும் ஒரு கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் ஒரு மரக் கதவு. இரண்டுக்கும் சாவி ஒரே ஆளிடம். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. சவரம் செய்வதென்றால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பான். கால் மணிக்கு ஒருதரம் ஒருவன் அட்டையோடு வந்து ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து டிக் போட வேண்டும் என்பது விதி. அவன் டீ குடித்துக்கொண்டே அடுத்த நாலு கட்டத்துக்கும் சேர்த்து டிக் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே அந்த இடத்தின் மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. இதைவிட நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன், இவனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கறுப்பு, கையில் எப்போதும் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். வியாழக்கிழமை காலையில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். கூட்டம் அதிகமானால் சிலரை வார்டு சிஸ்டர் கேட்பார். மொத்தம் பதினொரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு. கூட்டிப் பார்த்து ஆபத்து அதிகமா, நடுத்தரமா, குறைவா என்று எழுதுவார். குறைவு என்று வந்தால்தான் வெளியே விடுவார்கள். அந்த அறையின் கதவுக்கு மேலே ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். இரண்டு வியாழக்கிழமை உட்கார்ந்தேன். பதினொன்றும் எனக்குப் பாடமாகிவிட்டது.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாரிக்கு வருஷம் ஒருதரம் தகுதிச் சோதனை உண்டு. முதலாளிகள் வண்டியை என்னிடம் கொண்டுவருவார்கள். பிரேக்கைச் சரிசெய்யச் சொல்லமாட்டார்கள், அன்றைக்கு ஒருநாள் பிடிக்கிற மாதிரி செய்துகொடு என்பார்கள். செய்துகொடுப்பேன். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லாமே சரியாக இருந்தால் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வரும், வண்டிக்கு அடியில் படுத்துத் தேட ஆரம்பித்துவிடுவார். ஆகவே ஒரு சின்னக் குறையை நானே விட்டுவைப்பேன். இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கழற்றிவிடுவேன். அவர் அதைக் கண்டுபிடிப்பார், திட்டுவார், பல்பைப் போட்டுக் காட்டுவோம், கையெழுத்துப் போட்டுவிடுவார். நாற்பது வருஷத்தில் என் கையால் போன வண்டி ஒன்றுகூடச் சோதனையில் தோற்றதில்லை. மலைப்பாதையில் என்ன ஆயிற்று என்று நான் போய் விசாரித்ததும் இல்லை.

பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஐந்து. தம்பியைச் சன்னலோரம் உட்காரவைத்தேன்.

"மீட்டர், நல்லாக் கேளு. வர்ற வியாழக்கிழமை நீ ரொம்ப நல்லாருக்கேன்னு சொன்னா விடமாட்டாங்க."

"அப்புறம் என்ன சொல்றது?"

"ஒரே ஒரு குறை சொல்லு. தூக்கம்தான் கொஞ்சம் சரியில்லன்னு சொல்லு. அதைப் பிடிச்சுக்குவாங்க. ஒரு மாத்திரைய எழுதிட்டு மத்ததெல்லாம் சரின்னு விட்டுடுவாங்க."

"நான் என்ன லாரியாண்ணே?"

"லாரியே ஒழுங்கா பொய் சொல்லுது. உனக்கென்ன கேடு?"

சிரித்தான். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டர்களால் முடியாததை நான் ஐந்து நிமிஷத்தில் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இனிமே என்ன செய்யப்போறீங்கன்னு கேப்பாங்க."

"என்ன செய்யப்போறேன்?"

"ரெண்டாவது கண்ணுல புரை எடுக்கப்போற."

"ஆமா, எடுக்கணுமில்ல."

"பாத்தியா? இதுல பொய்யே இல்ல."

பிறகு அவனே கேட்டான். "சாகணும்னு இன்னும் தோணுதான்னு கேட்டா?"

"டக்குனு இல்லன்னு சொல்லாத. கீழ பாரு. ரெண்டு மூச்சு விடு. அப்ப இருந்துச்சு, இப்ப நெனச்சா வெக்கமா இருக்குன்னு சொல்லு."

சொல்லிப் பார்த்தான். முதல் தடவை வேகமாகச் சொன்னான். இரண்டாம் தடவை என்னைப் பார்த்துச் சொன்னான். மூன்றாம் தடவை கீழே பார்த்து, மூச்சு விட்டு, குரல் லேசாக உடைகிற மாதிரி சொன்னான். அது நிஜமா என்று அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சோதனைக்குப் போகிற வண்டியிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

அவன் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். அன்று கடை விட்டு நேரே வந்திருந்தாள். மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"பெரியப்பா, அப்பா இன்னிக்குச் சிரிச்சாரு. எனக்கு அதப் பாத்தா பயமா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுமே."

"அழுதாலும் பயம், சிரிச்சாலும் பயம். வேற என்னதான் செய்யணும் அவன்? தலைகீழா நிக்கணுமா?"

"அவர் நல்லா இருந்தா எனக்குத் தெரியும் பெரியப்பா. இது அது இல்ல."

"போம்மா, போயி நாலு பேருக்குக் கண்ணாடி மாட்டிவிடு. உங்கப்பன என்னைவிட உனக்குத் தெரியுமா?"

புதன்கிழமை தம்பியின் காலைப் பார்த்தேன். செருப்பு ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. நாளைக்கு வீட்டுக்கு வருகிறபோது போட்டுக்கொள்ளப் புதுசு வாங்கி வருகிறேன் என்றேன். "எதுக்குண்ணே வீணா? இதுவே போதும்" என்றான். போதும் என்ற சொல்லை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

வியாழக்கிழமை பெஞ்சில் இருந்து கேட்டேன். ஒரு பிசகு இல்லை. தூக்கம் சரியில்லை என்றதும் டாக்டரம்மா அதைப் பற்றியே ஐந்து நிமிஷம் விசாரித்தார். பல்பு வேலை செய்துவிட்டது. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஐயா, தாள்ல ஆபத்து கம்மின்னு வருது. ஆனா ஒண்ணு சொல்லணும். இந்தத் தாளை நம்பி அனுப்பி நான் ரெண்டு பேரைப் பறிகொடுத்திருக்கேன். ரெண்டு பேருக்கும் இதே மாதிரி கம்மி மார்க்குதான். அதிக மார்க் வாங்கின எத்தனையோ பேரு நல்லா இருக்காங்க. அதனாலதான் கூட இருக்கிறவங்களக் கேக்குறேன். உங்ககிட்ட தனியா ஏதாவது சொன்னாரா? பொருளை யாருக்காவது குடுத்தாரா? இனிமே இது வேணாம், போதும், அந்த மாதிரி ஏதாவது?"

செருப்பு ஞாபகம் வந்தது. வெளியே காத்திருக்கிறவர்கள் பதினான்கு பேர், வார்டில் காலியாக ஒரு கட்டில்கூட இல்லை என்று சிஸ்டர் வந்து அவர் காதில் சொன்னார். எனக்கும் கேட்டது.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க. என் தம்பிய எனக்குத் தெரியாதா?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாத்திரையை என் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும், தனியே விடக்கூடாது, மூன்றாம் நாள் சிஸ்டர் போன் செய்வார் என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். சாவிக்காரனைப் பார்த்து ஒரு இளிப்பு இளித்தேன். இப்போது நினைத்தால் அந்த இளிப்புக்காகவே என்னை உதைக்கலாம்.

வீட்டில் முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தான். குளித்தான், சாப்பிட்டான், பேப்பர் படித்தான், பாத்திரம் கழுவினான். டீயில் சர்க்கரை நான் வேண்டுமென்றே அள்ளிப் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தான்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்குப் போன் வந்தது. சிஸ்டர்தான். அவன் வாங்கிப் பேசினான். நான் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கேன் சிஸ்டர். தூக்கம்தான் கொஞ்சம் சரியில்ல. ஆமா, கண்ணுல புரை எடுக்கணும், அதுக்குத் தேதி கேட்டுட்டிருக்கோம்." பிறகு கொஞ்சம் நிறுத்தினான். கீழே பார்த்தான். போனில் யார் பார்க்கப்போகிறார்கள்? இருந்தாலும் பார்த்தான். இரண்டு மூச்சு விட்டான். "அப்ப இருந்துச்சு. இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சரியா சொன்னேனாண்ணே?"

என் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"மீட்டர், இங்க வா. உக்காரு. சிஸ்டருக்கு இல்ல, டாக்டருக்கு இல்ல, எனக்குச் சொல்லு. இப்ப உனக்கு எப்படி இருக்கு?"

"பரவால்லண்ணே. தூக்கம்தான் கொஞ்சம்..."

"அடேய், அது நான் சொல்லிக் குடுத்ததுடா."

"தெரியும்."

"உன் சொந்தமா சொல்லு. சாகணும்னு இருக்கா இல்லையா?"

கீழே பார்த்தான். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. "அப்ப இருந்துச்சு..."

"நிறுத்துடா!"

நிறுத்தினான். கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை, அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. எழுந்து போய் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினான். அவன் என்னை ஏமாற்றுகிறானா, இல்லை உள்ளதைத்தான் சொல்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடுகிற லாரியின் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். எதிரே நிற்கிற தம்பியிடம் எதைக் கேட்டாலும் என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. டாக்டருக்கு அடைத்த கதவை எனக்கும் சேர்த்து நானேதான் அடைத்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் அவன் மகளுக்குப் போன் போட்டு வரச்சொன்னேன்.

"அப்பா கூடவே உக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன். பாத்ரூம் போனாலும் வாசல்ல நில்லு, பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு."

"என்னாச்சு பெரியப்பா?"

"ஒண்ணும் ஆகல. ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியல. அதான் போறேன்."

நீ சொன்னது சரி என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வெளிநோயாளிகள் பக்கம் கூட்டம் நெரிந்தது. வாசலில் இருந்தவன் சீட்டு எங்கே என்றான். சீட்டு உங்கப்பன் வீட்டில் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். உடைந்த கண்ணாடி, பெஞ்சு, தூக்கம், கண்புரை, இரண்டு மூச்சு, செருப்பு.

பேனாவை வைத்துவிட்டார். "எல்லாக் கேள்வியும் தெரியுமா?"

பதினொன்றையும் ஒப்பித்தேன். "நாலாவது கேள்விய நீங்க ஒரு மாதிரி கேப்பீங்க, சிஸ்டர் வேற மாதிரி கேப்பாங்க. அதுக்கும் சேத்துதான் பதில் தயார் பண்ணினேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஐயா, ஒருத்தரோட மனசுக்குள்ள பாக்குறதுக்கு என்கிட்ட மிஷின் கிடையாது. அவரு வாயும், உங்க கண்ணும், இந்தத் தாளும்தான். மூணுமே நீங்க செஞ்சதா இருந்தா நான் எதை வெச்சுப் பாக்குறது?"

"உங்க ஆளு நாலு கட்டத்துக்கு முன்கூட்டியே டிக் போடுறான். அத யாரு கேக்குறது?"

"அத நான் கேக்குறேன். அதுக்கும் நீங்க செஞ்சதுக்கும் கணக்கு நேராகாது. இப்ப அவரு யாரு கூட இருக்காரு?"

"மக கூட."

"கூட்டிட்டு வாங்க. உடனே."

வாடகைக் காரில் வந்தோம். நடுவில் அவன், இரண்டு பக்கமும் நாங்கள். எங்கே போகிறோம் என்று கேட்டான், சொன்னேன். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா தாளை எடுக்கவில்லை. "உங்க அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

தம்பி என்னைப் பார்த்தான். "காட்டிக் குடுத்துட்டியா?"

"ஆமா."

"எங்கண்ணன் சொல்லிக் குடுத்துத்தான் சொன்னேன்னு நெனைக்காதீங்கம்மா" என்று அவரிடம் திரும்பினான். "முப்பத்திரண்டு வருஷம், ஒரு நாளைக்கு எழுபது வீடு. நல்லா இருக்கீங்களாம்பாங்க, நல்லா இருக்கேம்பேன். இவரு வாயத் தொறக்காட்டியும் உங்ககிட்டயும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இவரு குடுத்தது கொஞ்சம் நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"சரி. இன்னிக்கு எப்படி இருக்கு?"

அவன் கீழே பார்க்கவில்லை, மூச்சும் விடவில்லை. சுவரைப் பார்த்து, மீட்டர் எண்ணைப் படித்துச் சொல்கிற மாதிரி சொன்னான். "காலைல எந்திரிச்சதும் இருக்கும். மத்தியானம் கொறையும். சாயங்காலம் மறுபடி வரும். எல்லா நாளும் அப்படித்தான். இன்னிக்குக் காலைல ரொம்ப இருந்துச்சு. இவ வந்து உக்காந்துட்டா."

அவன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகத் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"சொன்னதுக்கு நன்றிங்க. கொஞ்ச நாள் உள்ள இருக்கீங்களா?"

"இந்தக் கெழவன் கூட வீட்டுக்குப் போறதுக்கு இங்கயே இருக்கலாம்."

கட்டில் இல்லை. அவர் அரை மணி நேரம் போனில் யார் யாரிடமோ சண்டை போட்டார். கடைசியில் சிஸ்டர் மேசைக்கு எதிரே, நடைவழியில், ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டார்கள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டான். நான் கிட்டே போனேன். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டான்.

ஒன்பது நாள் ஆகிறது. தினமும் நாலு மணிக்குப் போகிறேன். என்னைப் பார்க்கமாட்டேன் என்கிறான். மகளை மட்டும் விடுகிறான். நான் மாடியில் கம்பிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன், சிஸ்டர் வந்து சொல்லிவிட்டுப் போவார். முதல் நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பாக்க மாட்டேன்னு சொல்றாருங்க."

"வேற என்ன சொன்னான்? உள்ளபடி சொல்லுங்க."

"அது எப்படிங்க என் வாயால..."

"சொல்லுங்கம்மா, பரவால்ல."

"அந்தப் பிரேக்குப் பய மூஞ்சியக் காட்டுனான்னா பல்ல ஒடச்சுக் கையில குடுத்துடுவேன்னாரு."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, இது அவனுடைய சொந்தச் சரக்கு. திட்டுவது தேறுவதற்கு அடையாளமா என்று டாக்டரம்மாவைப் படியில் மடக்கிக் கேட்டேன். தெரியாது என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காலை நேரம் இன்னும் அவனுக்கு மோசமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். எப்போது சரியாகும் என்று நான் கேட்கவில்லை.

இன்று சிஸ்டர் கொஞ்சம் தாமதமாக வந்தார்.

"இன்னிக்கு அவரே கேட்டாருங்க, வந்திருக்கானான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்திருக்காருன்னேன். அப்படின்னா இன்னிக்கும் பாக்க மாட்டேன்னு போய்ச் சொல்லுன்னாரு."

"நாளைக்கும் வருவான்னு சொல்லுங்க" என்றேன். அவர் உள்ளே போய்ச் சொல்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.